காரைக்குடிக்கு நேர் தெற்கே ஒரு புள்ளி

“கம்ப்யூட்டர் வாங்கி முழுசா ஒரு மாசம் ஆகலை. கேம்ஸ் தவிர வேற எதையும் தொட மாட்டேங்கிறான். நீயாவது வந்து சொல்லு.”

காரைக்குடியிலிருந்து என் அக்கா போனில் சொன்னது இது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய எல்லா வீட்டிலும் இதே புகார்தான். ஊருக்குப் போனபோது அவள் மகனுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவன் ஆடிக்கொண்டிருந்தது மோட்டார் படகுப் பந்தய கேம். படகு அலைமேல் எகிறிப் பறந்தது, பாறையில் மோதிச் சுக்குநூறானது, இரண்டே வினாடியில் புத்தம்புதிதாக மறுபடி வந்து நின்றது.

“அம்மான், இதெல்லாம் நெசமாவே ஓட்டுறாகளா?” என்றான்.

நிஜமாகவே ஓட்டுகிறார்கள். கரையை விட்டு விலகித் திறந்த கடலில் நடக்கும் இந்தப் பந்தயத்துக்கு ஆஃப்ஷோர் பவர்போட் ரேஸ் என்று பெயர். அமெரிக்காவின் மியாமியிலிருந்து பஹாமாஸின் நாசாவுக்கு 1956-லும், இங்கிலாந்தின் கௌஸிலிருந்து டார்கேவுக்கு 1961-லும் தொடங்கிய போட்டிகள்தான் இதைப் பிரபலப்படுத்தின. பெரிய படகுகள் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். உள்ளே பொதுவாக இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் ஸ்டியரிங் பிடிப்பார். மற்றவருக்கு திராட்டில் மட்டும்தான் வேலை, அதாவது எஞ்சினுக்கு எவ்வளவு வேகம் கொடுப்பது என்பது. அதற்கு எதற்குத் தனி ஆள்? படகு அலையிலிருந்து எகிறும்போது பின்னாலிருக்கும் புரொப்பல்லரும் தண்ணீருக்கு மேலே வந்துவிடும். தள்ளத் தண்ணீர் இல்லாததால் எஞ்சின் வெறிபிடித்ததுபோல் சுற்றும். எகிறும் நொடியில் வேகத்தைக் குறைத்து, விழும் நொடியில் திரும்பக் கொடுக்க வேண்டும். இதை மணிக்கணக்கில் செய்ய வேண்டும். சிறிய மோட்டார் படகு ஓட்டுபவர் உடம்பில் ஒரு கயிறு கட்டியிருப்பார். அதன் மறுமுனை எஞ்சின் சுவிட்சில் இருக்கும். ஆள் தூக்கி எறியப்பட்டால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும்.

ஃபெராரி அணிக்காக ஃபார்முலா ஒன் கார் ஓட்டிய பிரெஞ்சுக்காரர் திதியே பிரோனி, காலில் பட்ட காயத்துக்குப் பிறகு காரை விட்டுப் படகுக்கு வந்தவர். 1987 ஆகஸ்ட் 23 அன்று இங்கிலாந்தின் வைட் தீவுக்கு அருகே நடந்த பந்தயத்தில், ஒரு எண்ணெய்க் கப்பல் விட்டுச்சென்ற அலையில் அவர் படகு ஏறிக் கவிழ்ந்தது. படகில் இருந்த மூவருமே இறந்துபோனார்கள். நம் நாட்டில் 2016 மார்ச்சில் மும்பை மெரைன் டிரைவ் கடலில் பி1 பவர்போட் போட்டி நடந்தது. கரையோரம் நின்றே பார்க்க முடிந்த போட்டி அது.

இதெல்லாம் சொல்லி முடிக்கும் முன்பே பையன் திரும்பவும் மவுஸைப் பிடித்துவிட்டான். சரி, இவனுக்கு வேறு ஒருவரைக் காட்டலாம் என்று கேமை மூடச் சொன்னேன். கரை கண்ணுக்கே தெரியாத கடலில் மாதக்கணக்கில் பந்தயம் ஓட்டிய நம் நாட்டுக்காரர் அபிலாஷ் டாமி. அவர் ஓட்டியது மோட்டார் படகு அல்ல, பாய்மரப் படகு. வேகம் சைக்கிள் அளவுதான். ஆனால் அதில் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதை 2018-ல் இதே வீட்டில், இதே மேஜைமேல் இருந்த பழைய கம்ப்யூட்டரில் நான் நேரடியாகப் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு சின்னப் பயிற்சி

பிரவுசரில் கூகுள் மேப்ஸைத் திறந்துகொள்ளுங்கள். தேடும் கட்டத்தில் ஊர்ப் பெயருக்குப் பதில் எண்களை டைப் செய்யலாம். 10.07, 78.78 என்று அடித்து என்டரைத் தட்டுங்கள். காரைக்குடி வந்துவிடும். முதல் எண் அட்சரேகை, பூமத்திய ரேகைக்கு வடக்கே எத்தனை டிகிரி என்பது. இரண்டாவது தீர்க்கரேகை, லண்டன் கிரீனிச்சுக்குக் கிழக்கே எத்தனை டிகிரி என்பது. தெற்கே போக வேண்டுமானால் முதல் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போட வேண்டும். மேற்கே போக வேண்டுமானால் இரண்டாவது எண்ணுக்கு முன்னால்.

இப்போது -39.5, 78 என்று அடியுங்கள். வெறும் நீலம்தான் தெரியும். மவுஸின் நடுச் சக்கரத்தை உருட்டி மெதுவாக வெளியே வந்தால், அது காரைக்குடிக்கு ஏறத்தாழ நேர் தெற்கே சுமார் 5,500 கிலோமீட்டர் தூரத்தில் இருப்பது தெரியும். நம் கரையைத் தாண்டினால் இடையில் பெரிய நிலம் எதுவும் இல்லை. என் அக்கா மகன் கழித்தல் குறியை மறந்துவிட்டு அடித்தான். நேராகச் சீனாவின் சின்ஜியாங் பாலைவன ஓரத்தில் போய் நின்றான். ஒரு சின்னக் கோடு விட்டுப்போனதற்கு இவ்வளவு தூரம்.

அந்த நீலத்தில்தான் 2018 செப்டம்பரில் அபிலாஷ் டாமி மூன்று நாள் அசையாமல் கிடந்தார்.

கம்ப்யூட்டருக்குத் தடை

அபிலாஷ் டாமி கேரளத்துக்காரர், 1979-ல் பிறந்தவர், இந்தியக் கடற்படையில் விமானியாக இருந்தவர். 2012 நவம்பர் 1 அன்று மும்பையிலிருந்து மாதேய் என்ற பாய்மரப் படகில் தனியாகக் கிளம்பி, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல், யாருடைய உதவியும் இல்லாமல் உலகைச் சுற்றி 2013 மார்ச் 31 அன்று திரும்பினார். இந்தியர் ஒருவர் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. கீர்த்தி சக்ரா விருதும் கிடைத்தது. அவருக்கு முன்பே 2009-10-ல் திலீப் தோண்டே இதே படகில் நான்கு இடங்களில் நின்று சுற்றி வந்திருந்தார்.

2018 ஜூலை 1 அன்று பிரான்சின் லே சாப்ளே தொலோன் துறைமுகத்திலிருந்து கோல்டன் குளோப் ரேஸ் புறப்பட்டது. தனி ஆளாக, நிற்காமல், உலகைச் சுற்ற வேண்டும். அழைப்பின் பேரில் கலந்துகொண்ட இந்தியர் அபிலாஷ் டாமி. இந்தப் பந்தயத்தின் விதிகளைப் படித்தபோதுதான் எனக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. 1968-ல் இருந்த சாமான்கள் மட்டுமே அனுமதி. கம்ப்யூட்டர் கூடாது. ஜி.பி.எஸ். கூடாது. செல்போன், டிஜிட்டல் கேமரா, எலக்ட்ரானிக் கடிகாரம், கால்குலேட்டர்கூடக் கூடாது. பாட்டுக் கேட்க வேண்டுமா? கேசட் எடுத்துப் போகலாம். தான் இருக்கும் இடத்தை செக்ஸ்டன்ட் என்ற கருவியில் சூரியனின் உயரத்தை அளந்து, அச்சிட்ட அட்டவணையைப் பார்த்து, பென்சிலால் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு நாள் மேகமூட்டம் என்றால் இரண்டு நாளும் உத்தேசம்தான்.

உயிருக்கு ஆபத்து வந்தால்? அதற்காக மட்டும் சில நவீனக் கருவிகள் படகில் இருந்தன. ஜி.பி.எஸ். ஒன்று சீல் வைத்த பெட்டிக்குள். தக்க காரணமில்லாமல் சீலை உடைத்தால் பந்தயத்திலிருந்து விலக வேண்டியதுதான். ஒரு சாட்டிலைட் போன். பந்தய அலுவலகத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்ப ஒரு சின்ன டிராக்கர். அப்புறம் ஈபர்ப் என்ற அபாயக் கருவி. அதைப் பற்றிக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

டிராக்கரின் வேலை எளிது. உள்ளே இருக்கும் ஜி.பி.எஸ். சிப், சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சிக்னலை வாங்கி இடத்தைக் கணக்கிடும். அந்த எண்களை இரிடியம் என்ற இன்னொரு கூட்டம் செயற்கைக்கோள்களுக்கு அனுப்பும். இவை சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் பறப்பவை, 66 இருக்கின்றன. (முதலில் 77 என்று திட்டமிட்டதால் 77-ஆம் தனிமமான இரிடியத்தின் பெயரை வைத்தார்கள். பிறகு 66 போதும் என்று முடிவானது, பெயரை மாற்றவில்லை.) அங்கிருந்து தரைக்கு, தரையிலிருந்து இணையத்துக்கு, இணையத்திலிருந்து நம் வீட்டுத் திரைக்கு. வரைபடத்தில் ஒவ்வொரு படகும் ஒரு புள்ளி.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் எங்கே இருக்கிறார், அவருக்கு முன்னால் யார், பின்னால் யார் என்பதெல்லாம் காரைக்குடியில் டெஸ்க்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

இல்லாத கம்ப்யூட்டருக்குப் போன ஒயர்

இந்தப் பந்தயத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 1968-ல் நடந்த முதல் கோல்டன் குளோப் பந்தயத்தில் ஒன்பது பேர் கிளம்பி ஒரே ஒருவர்தான் முடித்தார். அவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். 312 நாள். அவருடைய சுஹைலி என்ற 32 அடிப் படகு பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டப்பட்டது. எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளின் தூணெல்லாம் பர்மாத் தேக்கு என்பதால், இதைப் படித்ததும் அந்தப் படகுமேல் எனக்கு ஒரு சொந்தம் வந்துவிட்டது. 2018-ல் அபிலாஷ் ஓட்டிய துரியா, அந்த சுஹைலியைப் பார்த்து கோவாவில் கட்டிய படகு.

நாக்ஸ்-ஜான்ஸ்டனின் ரேடியோ வழியிலேயே கெட்டுவிட்டது. 1968 நவம்பரில் நியூசிலாந்தருகே அவரைப் பார்த்த பிறகு, 1969 ஏப்ரலில் அட்லாண்டிக்கில் ஒரு எண்ணெய்க் கப்பல் பார்க்கும்வரை நான்கு மாதத்துக்கும் மேல் அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே யாருக்கும் தெரியாது.

அந்த ஒன்பது பேரில் டொனால்ட் குரோஹர்ஸ்ட் என்று ஒருவர். எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர், நம்ம ஜாதி. படகுகளுக்கான ஒரு கருவி தயாரித்து விற்றுவந்தவர். தன் படகு சாயும்போது தானே உணர்ந்து நிமிர்த்திவிடும் கம்ப்யூட்டர் ஒன்றைப் பொருத்தப்போவதாகச் சொல்லியிருந்தார். 1968-ல்! கிளம்பும் கடைசித் தேதி அக்டோபர் 31. அதற்குள் முடியவில்லை. படகு முழுக்க வண்ண வண்ண ஒயர்கள் இழுத்திருந்தார். எல்லா ஒயரும் வந்து சேரும் இடத்தில் கம்ப்யூட்டர் இல்லை. அப்படியே கிளம்பிவிட்டார்.

படகு தாங்காது என்று தெரிந்ததும் தெற்கு அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, ரேடியோவில் பொய்யான இடங்களைச் சொல்லிவந்தார். ஊரே நம்பியது. 1969 ஜூலை 10 அன்று அவருடைய படகு ஆளில்லாமல் மிதந்தது. உள்ளே கிடந்த குறிப்பேடுகளில்தான் உண்மை தெரிந்தது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் தனக்குக் கிடைத்த 5,000 பவுண்டு பரிசுப் பணத்தைக் குரோஹர்ஸ்டின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

சாஃப்ட்வேர் வேலையில் டெலிவரி தேதி நெருங்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒயர்கள் ஞாபகம் வரும். முடியாததை முடிந்ததாகச் சொல்லும் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

எஃப்5 அழுத்தியும் நகராத புள்ளி

2018-ல் நான் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு வரும்போதெல்லாம் டிராக்கர் பக்கத்தைத் திறந்து வைத்துவிடுவேன். எங்கள் ஆயாவுக்கு அப்போது வயது எண்பதுக்கு மேல். கம்ப்யூட்டர் பக்கமே வராதவர், இதற்கு மட்டும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். “அந்தப் பய எங்கப்பா போய்க்கிட்டிருக்கான்?” என்பார். காட்டினால், “சாப்பாட்டுக்கு என்ன பண்றான்?” அடுத்த கேள்வி. டின் சாப்பாடு என்றால் முகத்தைச் சுளிப்பார்.

அந்த ஆர்வத்தின் காரணம் எனக்கு அப்புறம்தான் புரிந்தது. ஆயாவின் அப்பச்சி ரங்கூனில் கடையில் இருந்தவர். 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. கப்பல் கிடைக்காதவர்கள் காட்டுவழியே நடந்தார்கள். கடிதம் இல்லை, தந்தி இல்லை. ஆயாவுக்கு அப்போது ஐந்து வயது. அவருடைய ஆத்தா தினமும் முகப்பில் வந்து உட்கார்ந்து தெருவையே பார்த்திருந்தது மட்டும் நினைவிருக்கிறதாம். எத்தனை மாதம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் தாடியும் மீசையுமாக ஒருவர் வந்து நின்றாராம். ஆயா பயந்து உள்ளே ஓடிவிட்டாராம்.

செப்டம்பர் 21, வெள்ளிக்கிழமை. வார விடுமுறைக்கு வந்திருந்தேன். அபிலாஷ் மூன்றாம் இடத்தில் போய்க்கொண்டிருந்தார். சனிக்கிழமை காலையில் பக்கத்தைத் திறந்தால் அவர் புள்ளி ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது.

பக்கம் புதுப்பிக்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் பிராட்பேண்ட் அப்படிப்பட்டது. எஃப்5 அழுத்தினேன். மாற்றமில்லை. இது உங்களுக்கும் பயன்படும்: பிரவுசர் ஒருமுறை பார்த்த பக்கத்தின் பகுதிகளை உங்கள் கம்ப்யூட்டரிலேயே சேமித்து வைத்திருக்கும். எஃப்5 அழுத்தும்போது சில சமயம் அந்தப் பழையதையே மறுபடி காட்டிவிடும். கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு எஃப்5 அழுத்தினால் பழையதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் புதிதாக இறக்கும். அதையும் செய்தேன். மற்ற படகுகளின் புள்ளிகள் நகர்ந்தன. அவருடையது மட்டும் நின்ற இடத்திலேயே மெல்ல மிதந்துகொண்டிருந்தது.

செய்தித் தளங்களைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. காற்று 70 நாட் வேகம், அதாவது மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர். அலைகள் 14 மீட்டர், நாலு மாடி உயரம். படகு புரண்டு பாய்மரம் முறிந்துவிட்டது. அவருக்கு முதுகெலும்பில் பலத்த அடி, எழுந்திருக்க முடியவில்லை. இதை அவரே டிராக்கரில் சுருக்கமாக டைப் செய்து அனுப்பியிருந்தார். இன்னொரு டிராக்கரும் கையடக்க ரேடியோவும் அவசரப் பைக்குள் இருந்தன. சில அடி தூரத்தில் இருந்த அந்தப் பை அவர் கைக்கு எட்டவில்லை.

ஆயாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அவரே கேட்டுவிட்டார். சொன்னேன். நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இங்கேதான் ஈபர்ப் வருகிறது. தண்ணீர் பாட்டில் அளவுக் கருவி. பட்டனை அழுத்தினால், அல்லது படகு மூழ்கித் தண்ணீர் பட்டால் தானாகவே, 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் துடிப்புகளை அனுப்பும். காஸ்பாஸ்-சார்சாட் என்ற சர்வதேச அமைப்பின் செயற்கைக்கோள்கள் அதைப் பிடிக்கும். ஒவ்வொரு கருவிக்கும் 15 எழுத்து-எண் கொண்ட தனி அடையாளம் உண்டு. நம் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டுக்கு இருப்பதைப்போல் உலகத்தில் இன்னொன்றுக்கு இருக்காது. வாங்கியவர் பெயர், படகு, யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் பதிவு செய்து வைத்திருப்பார்கள். இதற்குச் செல்போன் டவர் வேண்டாம், இணையம் வேண்டாம். பேட்டரி குறைந்தது 48 மணி நேரம் தாங்க வேண்டும் என்பது விதி.

எங்கே இருக்கிறார் என்பது தெரிந்துவிட்டது. போய்ச் சேருவதுதான் பிரச்சினை. ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து 1,900 கடல் மைல், அதாவது சுமார் 3,500 கிலோமீட்டர். ஹெலிகாப்டர் போக முடியாது. ஆஸ்திரேலிய மீட்பு மையம் ஒருங்கிணைத்தது. இந்தியக் கடற்படையின் பி-8ஐ விமானம் மொரிஷியஸிலிருந்து பறந்து படகைக் கண்டுபிடித்தது. அந்த வகை விமானங்களின் தளம் நம் அரக்கோணத்தில் இருக்கும் ஐ.என்.எஸ். ராஜாளி. பாய்மரம் முறிந்து பக்கவாட்டில் தொங்க, படகு அலையில் புரண்டுகொண்டிருந்தது. விமானம் மேலே வட்டமிட்டபோது அவர் ஈபர்ப் துடிப்பை அனுப்பிப் பதில் கொடுத்தார். உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு அந்த ஒரு துடிப்புதான் சாட்சி.

அதே புயலில் பாய்மரம் முறிந்த அயர்லாந்துக்காரர் கிரிகோர் மக்கின், ஒரு தற்காலிகப் பாயைக் கட்டிக்கொண்டு அபிலாஷை நோக்கி மெதுவாக வந்துகொண்டிருந்தார். அவர் படகே உடைந்த படகு. இந்தப் பந்தயக்காரர்களின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். பின்னால் வருபவனை விட்டுவிட்டுப் போக முடியாது. வேறு யாரும் அந்தக் கடலில் இல்லை.

செப்டம்பர் 24 அன்று ஒசிரிஸ் என்ற பிரெஞ்சு மீன்வள ரோந்துக் கப்பல் வந்து சேர்ந்தது. சிறு படகில் போய் அவரை ஸ்ட்ரெச்சரில் எடுத்து ஆம்ஸ்டர்டாம் தீவின் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். உங்கள் வரைபடத்தில் அந்த நீலத்துக்குச் சற்று மேலே தேடினால் இந்தத் தீவு ஒரு பொட்டாகத் தெரியும். ஹாலந்து நாட்டு ஆம்ஸ்டர்டாமுக்குப் போய்விடாதீர்கள். பிறகு ஐ.என்.எஸ். சத்புரா கப்பல் அவரை அக்டோபர் 6 அன்று விசாகப்பட்டினம் கொண்டுவந்தது. முதுகெலும்பில் அறுவை சிகிச்சை செய்து டைட்டானியக் கம்பி வைத்தார்கள். துரியா கடலிலேயே விடப்பட்டது. அந்தப் பந்தயத்தை ஐந்தே பேர்தான் முடித்தார்கள். முதலாவது வந்த ழான்-லூக் வான் டென் ஹீடுக்கு வயது 73.

பெட்டி இல்லாதவர்கள்

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அபிலாஷுக்கு விபத்து நடப்பதற்குப் பத்து மாதம் முன்பு, 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலைக் கடந்தது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்து மீனவர்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் தங்குபவர்கள். எச்சரிக்கை வருமுன்பே பலர் கிளம்பிப் போயிருந்தார்கள். கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனாலே செல்போன் செத்துவிடும். பல படகுகளில் அபாயக் கருவி எதுவும் இல்லை. வீட்டிலிருந்தவர்கள் பார்க்க வரைபடமும் இல்லை, புள்ளியும் இல்லை. பலர் திரும்பவே இல்லை. அந்த ஊர்ப் பெண்கள் கடற்கரையில் உட்கார்ந்திருந்த படங்களை டிவியில் பார்த்தபோது ஆயா சேனலை மாற்றச் சொல்லிவிட்டார்.

கருவியே நம் நாட்டில் இல்லை என்று சொல்ல முடியாது. மீனவர்களுக்கான அபாயக் கருவியை இஸ்ரோ 2010 முதலே கொடுத்துவந்தது. டாட் என்பது அதன் பெயர். ஆனால் பட்டனை அழுத்தினால் செய்தி போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பது அழுத்தியவருக்குத் தெரியாது. 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில் இது மாறியது. மீட்பு மையம் செய்தியைப் பெற்றதும் திரும்பப் பதில் வரும். புளூடூத் மூலம் செல்போனோடு இணைத்தால் செய்திகளைத் தாய்மொழியிலேயே படிக்கலாம்.

மெயில் அனுப்பிவிட்டுப் பதில் வராமல் பத்து நிமிடம் தவிப்பவர்கள் நாம். கவிழ்ந்த படகில் பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருப்பவருக்கு, கிடைத்துவிட்டது என்று ஒரு வரி வருவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என் பார்வையில் வேகப் படகின் எஞ்சினைவிட இது பெரிய பொறியியல்.

மறுபடியும் கிளம்பினார்

முதுகில் கம்பியோடு அபிலாஷ் டாமி 2022 செப்டம்பர் 4 அன்று அதே துறைமுகத்திலிருந்து அதே பந்தயத்துக்கு மறுபடி கிளம்பினார். அதற்குள் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். படகு பயனாத் என்ற ரஸ்லர் 36. படகைத் தானாகத் திசை பிடிக்க வைக்கும் காற்றுத் தகடு வழியில் உடைந்தது. கழிப்பறைக் கதவை அறுத்து மாற்றுத் தகடு செய்துகொண்டார். ஸ்பேர் பார்ட்ஸ் கடை இல்லாத இடத்தில் கதவும் ஸ்பேர் பார்ட்தான்.

இந்த முறை அபாயம் இன்னொருவருக்கு வந்தது. 2022 நவம்பர் 18 அன்று ஃபின்லாந்தின் தாபியோ லெஹ்தினன் ஓட்டிய ஆஸ்தீரியா படகு இந்தியப் பெருங்கடலில் சில நிமிடங்களில் மூழ்கிப்போனது. ஈபர்ப் தானாக இயங்கியது. அவர் ரப்பர் மிதவையில் காத்திருந்தார். தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் படகைத் திருப்பிக்கொண்டு இரவெல்லாம் ஓட்டிப் போய் மறுநாள் அவரைத் தூக்கினார். பிறகு ஒரு சரக்குக் கப்பலில் ஏற்றிவிட்டுப் பந்தயத்தைத் தொடர்ந்தார். 2023 ஏப்ரல் 27 அன்று முதலில் வந்து சேர்ந்ததும் அவர்தான்.

ஏப்ரல் 29 அன்று இரண்டாவதாக அபிலாஷ் டாமி வந்தார். 236 நாள். அந்தப் பந்தயத்தில் பரிசு மேடை ஏறிய முதல் இந்தியர்.

நான் அப்போது வேலை பார்க்கும் ஊரில் இருந்தேன். ஆயாவுக்கு வீடியோ கால் போட்டு, என் லேப்டாப் திரையைப் போன் கேமராவுக்கு முன்னால் பிடித்தேன். புள்ளி கரையைத் தொட்டிருந்தது. அவருக்கு அது சரியாகத் தெரியவில்லை.

“யாரு, அந்த முதுகு ஒடிஞ்ச பயலா? வந்துட்டானா?” என்றார்.

“வந்துட்டார் ஆயா.”

“சோறு போட்டாங்களா?”